செவ்வாய்க்கிழமைத் தாளின் பின்பக்கம்

இன்று ஆடிப் பதினெட்டு. காலையில் அச்சகத்தில் பூஜை போட்டு, அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை முதலாளி பிரித்து வைத்தார். பிரித்ததும் மையும் பசையும் கலந்து ஒரு வாசம் வந்தது. அவ்வளவுதான், நீ வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாய். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். உன்னோடு பேசி ஒன்றரை வருடமாகிறது. சொல்ல வேண்டிய ஒன்றை இன்னும் சொல்லாமலே வைத்திருக்கிறேன்.

பதினோரு வருடம் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று தினசரிக் காலண்டர் தாள் அடுக்கினோம். ஊரெல்லாம் இந்த வருடத்தில் இருக்கும்போது நாம் இருவரும் அடுத்த வருடத்தில் இருந்தோம். புரட்டாசி வெயிலில் வியர்த்துக்கொண்டே பொங்கலை அடுக்குவோம். "நமக்குப் பொங்கல் வந்துருச்சு புள்ள, கரும்பத்தான் காணோம்" என்பாய். அச்சு சரியாக விழாத தாளில் உன் கல்யாண நாள் வந்தால் எடுத்து ஜாக்கெட்டில் செருகிக்கொள்வாய்.

அந்த வேலையால் எனக்கு ஒரு கேடு இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நீதான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நான் ஒரு சபதம் எடுப்பேன். காலையில் நடப்பேன், தையல் கற்பேன், விட்டுப்போன பத்தாவதைத் தனித்தேர்வில் எழுதுவேன். மாசிக்குள் எல்லாம் புஸ்ஸென்று போய்விடும். "நீ டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் அடுக்கி முடிச்சுட்டுல்ல சனவரி ஒண்ணுக்கு வர்ற. உனக்கு அந்த வருசமே பழசு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அது வெறும் கேலி இல்லை என்று வீட்டுக்குப் போகும் வேனில் தெரிந்தது.

உன்னிடம் சபதமெல்லாம் கிடையாது. நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் திடீரென்று ஸ்கூட்டி ஓட்டப் போகிறேன் என்றாய். வற்றிக் கிடந்த கண்மாயில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ ஓட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். கருவேல முள்ளில் இரண்டு முறை விழுந்தாய். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்த அன்று, "என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன். "கம்பெனி வேன்ல நடுவுல உக்காந்து வேத்து ஊத்துது. எனக்கு மூஞ்சில காத்துப் படணும். அம்புட்டுதான்" என்றாய். இதற்காகவா என்று எனக்கு ஏளனமாக இருந்தது. என் காரணம் உன்னுடையதைவிடப் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் காரணம் என் கொழுந்தன் பொண்டாட்டி. ஒரு வளைகாப்பு வீட்டில் எல்லார் முன்னாலும், "அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, அவுக தாள் அடுக்குறவுக" என்று சொல்லிவிட்டாள். அந்த வாயை அடைக்கத்தான் பத்தாவது எழுத உட்கார்ந்தேன். கோபத்திலேயே மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். கணக்கு மட்டும் மிச்சம். அதற்குள் அவர்கள் திருப்பூருக்குக் குடிபோனார்கள். பஸ் ஏறும்போது அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எனக்குள்ளே ஒன்றுமே இல்லை. யாரை எதிர்த்துப் படிப்பது? மூடி வைத்தது இரண்டு வருடம் மூடியே கிடந்தது.

பிறகு அந்தப் புரட்டாசி மத்தியானம் வந்தது. அடுக்கிக்கொண்டிருந்த என் கை ஒரு தாளில் நின்றது. செவ்வாய்க்கிழமை. ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருந்தது. அது திங்கட்கிழமைக்கு உரியது. செவ்வாய்க்கு மத்தியானம் மூன்று முதல் நாலரை. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அடுக்குற கைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? லோடு நிக்குது, வேலையப் பாருங்க" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். நீ குனியவில்லை. பசை ஒட்டிய கையோடு அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குள் போய்விட்டாய்.

முதலாளி வந்து பார்த்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். கட்டுக் கட்டாகப் பிரித்து அந்த ஒரு செவ்வாயை மட்டும் உருவி எடுத்தோம். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "பிழை பாக்குற மேஜைக்கு ஆள் வேணும்மா. பத்தாவது முடிச்சிருந்தா சொல்லு" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நீ அந்தத் தவறான தாளில் ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஒரு பென்சிலும் கொடுத்தாய். "எதுக்குக் கணக்கு எழுதப்போறன்னு எழுது." நல்ல சம்பளம் என்று எழுதினேன். "இது ஊரே சொல்றது, அழி." என் மகன் என்னை மதிக்க வேண்டும் என்று எழுதினேன். "அவன் மதிக்கலைன்னா விட்டுருவியா?" எனக்கு எரிச்சல் வந்தது. வேறு என்னதான் எழுத என்று கேட்டேன். "நேத்து அந்தத் தப்பப் பாத்த பாரு, அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இருந்திருக்க மாட்ட. உள்ள என்ன இருந்துச்சோ அத எழுது" என்றாய்.

அதையும் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: தப்பு அச்சாகும் முன்னாலேயே நான் பார்க்க வேண்டும். பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நீ படித்தாய். உன் டப்பாவிலிருந்த கருவாட்டை என் சோற்றில் வைத்தாய்.

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. எல்லாரிடமும் எதுக்கு எதுக்கு என்று கேட்டவள், வயிற்று வலியை மட்டும் எதுக்காகப் பொறுத்துக்கொண்டாய்? "சீசன் முடியட்டும் புள்ள" என்றாய். மார்கழியில் சீசன் முடிந்து மதுரைக்குப் போனபோது டாக்டர் தாமதம் என்றார். தையில் நீ போய்விட்டாய். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்குச் சித்திரையில் பரீட்சை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். "அவளுக்காகவாச்சும் பாஸ் பண்ணிரு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உன் புகைப்படத்தைக் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். தினமும் உட்கார்ந்தேன், தினமும் அழுதேன். ஒரு கணக்குகூட ஏறவில்லை. பெயிலானால் உனக்குத் துரோகம் என்ற பயம் வேறு. ஒரு மாதம் அப்படியே போனது.

ஒருநாள் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு கணக்கைப் போட்டேன். என் விடையும் புத்தகத்தின் விடையும் ஒத்துப்போகவில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மூன்றாவது முறையும் என் விடையே வந்தது. பக்கத்துத் தெருவில் ட்யூஷன் எடுக்கும் டீச்சரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "அட, புத்தகத்துலதான் தப்பா அச்சடிச்சிருக்காங்கக்கா" என்றார். நடுத்தெருவில் நின்று சிரித்தேன். நீ போனபின் அன்றுதான் முதல் சிரிப்பு. சிரித்த கையோடு குற்ற உணர்ச்சியும் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். அதில் உன் பெயர் இல்லை. யார் பெயரையும் நீ எழுதவிடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் படிப்புக்குக் காரணமாகக் கொழுந்தன் பொண்டாட்டியை மாட்டிய அதே ஆணியில்தான் உன்னையும் மாட்டியிருக்கிறேன். அவள் பஸ் ஏறியதும் அன்று படிப்பு போனது. நீ போனதும் இன்று போகப் பார்த்தது. உன் படத்தை எடுத்து சாமி அலமாரியில் வைத்தேன். அங்கே நின்று உனக்காக அழுதேன். புத்தகத்துக்கு முன்னால் எனக்காக உட்கார்ந்தேன். வழிகாட்டியில் இன்னும் இரண்டு தவறு கண்டுபிடித்தேன். பரீட்சையில் முப்பத்தெட்டு மார்க். அதற்கு முதலாளி, "பார்டரத் தாண்டிட்டியேம்மா" என்று கிண்டலடித்தார்.

உன் வீட்டுக்காரர் ஸ்கூட்டியை என்னிடம் கொடுக்க வந்தார். "அவ ஞாபகமா வச்சுக்கோங்க" என்றார். வேண்டாம் என்றேன். முகத்தில் காற்றுப்பட வேண்டும் என்பது உன் ஆசை, என்னுடையது இல்லை. உன் மகள் ஓட்டுகிறாள். நான் கம்பெனி வேனில்தான் வருகிறேன்.

இப்போது பிழை பார்க்கும் மேஜை என்னுடையது. அடுத்த வருடம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகிறது. நீ போன தேதி வந்தபோதும் கிழமை, திதி, ராகு காலம் எல்லாவற்றையும் வரிவரியாகப் பார்த்துச் சரி போட்டேன். கவிழ்த்த செவ்வாய்க்கிழமைத் தாள் நாலாக மடித்தபடி என் பையில் இருக்கிறது.

அச்சகத்தில் எல்லாரும், நான் உனக்காகத்தான் படித்துப் பாஸானேன் என்று நம்புகிறார்கள். கேட்க நன்றாக இருப்பதால் நானும் மறுப்பதில்லை. உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். உனக்காக நான் பாஸ் பண்ணவில்லை. எனக்காகத்தான் பண்ணினேன். இதைக் கேட்டுக் கோபப்படாமல், கையிலிருக்கும் தாளைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.