நான் படிக்காமல் தாண்டிய பத்தி

அங்கிள்,

இன்று காலை குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் என் கையோடு வந்துவிட்டது. வாங்கி மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உள்ளங்கையெல்லாம் துரு. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த இரும்பு வாசனை போகவில்லை. நீங்கள் கொடுத்திருந்தால் முதலில், "எந்தக் கதவுக்கு சார்? தண்ணி தெறிக்குமா?" என்று கேட்டிருப்பீர்கள். பித்தளையில் எடுத்துத் தந்திருப்பீர்கள்.

மாற்றி வாங்கலாம் என்று நானும் அப்பாவும் எங்கள் வீடு இருக்கும் அல்வாலிலிருந்து பஸ் பிடித்து சிகந்தராபாத்துக்கு, அதை வாங்கிய, நீங்கள் வேலை பார்த்த கடைக்கே போனோம். மூன்று மாடியும் இப்போது பளபளக்கின்றன. சாமான்களைத் திறந்த அலமாரிகளில் அடுக்கிவிட்டார்கள். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இரண்டு குழாய்த் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எது எதில் பொருந்தும் என்று தெரியாமல் நின்றிருந்தார். கவுன்டரில் இருந்த இருவரும் கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா தாழ்ப்பாளை நீட்டியபோது ஒருவர் தலையைத் திருப்பாமலே, "நீங்கதானே எடுத்தீங்க? நாங்களா எடுத்துக் கொடுத்தோம்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"மூணாம் கவுன்டர்ல இருந்த பெரியவர் எங்கே?" என்று அப்பா வாட்ச்மேனிடம் விசாரித்தார். நீங்கள் போன மாதம் இறந்துவிட்டீர்கள் என்று அவர்தான் சொன்னார். அப்பா, "ஐயோ, நல்ல மனுஷனாச்சே" என்றார்.

நாங்கள் வீடு கட்டிய வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் உங்கள் கவுன்டரில்தான் நிற்போம். ஒரு கீல் கேட்டால் போதும், கதவு என்ன மரம், எத்தனை கனம், எந்தப் பக்கம் திறக்கும் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். ஒருநாள் அப்பாவுக்குக் கனம் தெரியவில்லை.

"நக்கோ சார், வேணாம். அளக்காம தரமாட்டேன். இன்னைக்கு வித்துட்டு நாளைக்கு உங்ககிட்ட யாரு திட்டு வாங்குறது?"

"சாமான் வாங்க வந்தோமா, பொண்ணு பார்க்க வந்தோமா? இத்தனை கேள்வி!" என்றார் அப்பா.

"பொண்ணு பார்க்கிறப்பவும் இத்தனை கேட்கணும் சார். ரெண்டும் ஆயுசுக்கும் வீட்டுல இருக்கிறதாச்சே?"

அப்பா சிரித்துக்கொண்டே அளப்பதற்காக அல்வாலுக்குத் திரும்பினார். அந்தக் கதவு இன்றும் சத்தமில்லாமல் மூடுகிறது.

அடுத்த முறை கூட்டம் அதிகம். பர்தா அணிந்த ஒரு வயதான அம்மா, உடைந்த கீல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு ஜோடி தேடி நீங்கள் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டிருந்தீர்கள். பக்கத்து மேஜையில் வாடிக்கையாளர் கருத்துக்கான நோட்டுப் புத்தகம் இருந்தது. உள்ளே ஒரு வரியும் இல்லை.

அந்த வாரம்தான் பள்ளியில் புகார்க் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொதுவாகப் புலம்பக் கூடாது. முதல் பத்தியில் அறிமுகம், இரண்டாவதில் யார், எங்கே, என்ன குறை, மூன்றாவதில் யோசனை என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் அந்த நோட்டில் ஆங்கிலத்தில், ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். உண்மையில் எனக்கு உங்கள்மேல் கோபமே இல்லை. இரண்டாம் பத்திக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். எதிரே நீங்கள் நின்றீர்கள்.

அடுத்த முறை போனபோது அந்தப் பக்கத்தைக் கடையின் அறிவிப்புக் கண்ணாடிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அப்பா என் கையெழுத்தைக் கண்டுகொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே, நேரே முதலாளியின் அறைக்கு என்னை அழைத்துப் போனார். முதலாளி என் கையைக் குலுக்கி, நான் எழுதியபடியே கடையை மாற்றப் போவதாகச் சொன்னார். நான் மிதந்துகொண்டே வெளியே வந்தேன். அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"பாப்பா, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இதுல என்ன எழுதியிருக்கு? படிக்கிறவங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிறாங்க."

நான் முதல் பத்தியைத் தமிழில் சொன்னேன். பிறகு மூன்றாவதைச் சொன்னேன். கடை பெரியது, நிறையப் பேர் வருகிறார்கள், சாமான்களைத் திறந்து வைத்தால் நேரம் மிச்சமாகும்.

"அவ்வளவுதானா?"

"ஹவ், ஆமா அங்கிள், அவ்வளவுதான்."

"நல்ல யோசனைதான். யாரோ படிச்சவங்க, உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்காங்க" என்றீர்கள். பிறகு எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி சரியாக உட்கார்ந்ததா என்று விசாரித்தீர்கள்.

அடுத்த மாதம் உங்களைப் பின்பக்கத்துக் கோடவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் வெளியே வந்து சிமென்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர், பஸ் நிறுத்தத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள். நான் வராத பஸ்ஸின் எண்ணைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை வேறு யாராவது உங்களுக்கு முழுதாகப் படித்துக் காட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தும் கையைத் தூக்கினீர்களா, தெரியாமலா? எப்படி நினைத்தாலும் என்னால் நிமிர முடியவில்லை.

இன்று கடையை விட்டு வெளியே வரும்போது அப்பா, "புகார் நோட்டு இருக்கும், போய் எழுதும்மா. நீ எழுதினா அந்த முதலாளி கேட்பார்" என்றார். அவருக்கு இன்னும் பெருமைதான். "கேட்பார்ப்பா" என்று மட்டும் சொன்னேன். எழுதவில்லை.

இரண்டாம் பத்தி எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. அன்று என்னை நம்பிக் கேட்டீர்கள். இப்போது படிக்கிறேன், அங்கிள்:

"மூன்றாம் கவுன்டரில் இருப்பவர் வயதானவர், மிகவும் மெதுவானவர். கேட்ட பொருளைக் கொடுக்காமல் கேள்வி கேட்கிறார். ஒரே ஒரு கீலுக்காக வந்த கிழவியிடம் அரைமணி நேரத்தை வீணாக்குகிறார். இவரை வாடிக்கையாளர்களின் கண்ணில் படாத வேலைக்கு மாற்றுவது நல்லது."

இதை எழுதியது நான்தான்.