நெற்றித் தழும்பு

மார்ச் 4

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கிறது. இப்போதைக்கு உயிரோட இருக்கேன். நீ, மாமா, பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா? போன கடிதத்துக்கு நீ பதிலே போடலை. கூடப்பிறந்தவனை அதுக்குள்ள தலைமுழுகிட்டியா?

இங்கே கக்கூஸ் நாத்தம் தாங்கலை. பக்கத்து அறைக்காரன் இருமி இருமித் துப்பறான். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே எல்லாம் சுத்தமா இருக்கணும்னு உனக்குத் தெரியும். சொன்னா வார்டர் சிரிக்கிறான்.

விஷயத்துக்கு வர்றேன். தூக்கு உறுதியாயிடுச்சு. இனி கருணை மனு ஒண்ணுதான் பாக்கி. வக்கீல் நல்ல யோசனை சொன்னார். அப்பா தினமும் குடிச்சிட்டு வந்து என்னை பெல்ட்டால அடிச்சார், அதனாலதான் என் புத்தி இப்படிப் போச்சுன்னு எழுதணுமாம். நெத்தித் தழும்பை போட்டோ எடுத்தாச்சு. பக்கத்துல இருந்து பார்த்தவ நீ ஒருத்திதான். வக்கீல் காகிதம் அனுப்புவார், ஒரு கையெழுத்து போட்டா போதும். அப்பா செத்து எத்தனை வருஷமாச்சு! அவருக்கு இனிமே என்ன கெட்டுப்போகப் போகுது? எனக்குக் கழுத்து போகுதே அக்கா.

பிள்ளைங்களுக்கு மாமன் முத்தம்.

உன் செல்லத் தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதமும் வந்தது, வக்கீல் காகிதமும் வந்தது. படிச்சேன். த்தூ!

அப்பா குடிச்சாரா? நாள் முழுக்க பஸ்ஸுல நின்னு டிக்கெட் கிழிச்சிட்டு வந்து, சுடுதண்ணியில காலை வச்சுக்கிட்டே நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மனுஷன். உன்னை ஒரு அடி அடிச்சதில்லை. நாலு போட்டிருக்கலாமோன்னு இப்போ தோணுது.

தழும்பு எப்படி வந்துச்சுன்னு மறந்துட்டியா? லீவு நாள்ல நம்மளை அவர் பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போனார். வேண்டாம்டா வேண்டாம்டான்னு நான் சொல்லச் சொல்ல நீ படியில தொங்கினே. வளைவுல விழுந்தே. விசில் ஊதக்கூட அவர் நிக்கலை, ஓடுற பஸ்ஸுலேர்ந்து உன் பின்னாடியே குதிச்சார். உனக்கு நெத்தியில தையல். அவருக்குக் கால் போச்சு. அப்புறம் சாகிற வரைக்கும் நொண்டிக்கிட்டே டிப்போவுக்குப் போய் ஒரு மூலையில உட்கார்ந்து டிக்கெட் கட்டு பிரிச்சுக்கிட்டிருந்தார். யாராவது கேட்டா, "பையன் பொழச்சானே, அது போதும்"பார்.

மூணு பொம்பளைங்களைக் கொன்னிருக்கே. தனியா இருந்தவங்க, ஃபிரிட்ஜ் மெக்கானிக்னு நம்பி உன்னை வீட்டுக்குள்ள விட்டவங்க. நகைக்காகக் கழுத்தை நெரிச்சே. இப்போ நாலாவதா அப்பாவா?

ஆனாலும் நீ என் தம்பியா போயிட்டே. அம்மா போனப்புறம் உன்னை இடுப்புல வச்சு வளர்த்தவ நான். காகிதத்தைக் கிழிக்கவும் மனசு வரலை. தையல் மிஷின் டிராயர்ல வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், உண்மையைச் சொல்லு. கடைசியா போனியே, அந்த டீச்சரம்மா. வெயில்ல வந்திருக்கியேன்னு உனக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தாங்களா? அவங்களை நினைச்சு நீ ஒரு நாளாவது அழுதிருக்கியா? ஆமாம்னு ஒரு வார்த்தை எழுது. அப்பாகிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டு கையெழுத்து போட்டுடறேன்.

அக்கா

மார்ச் 22

என்னைப் பெறாமல் பெற்ற அக்காவுக்கு,

நீ கையெழுத்து போடறேன்னு எழுதினதும்தான் எனக்குப் பாதி உயிர் வந்துச்சு.

டீச்சரம்மா காபி கொடுத்துச்சு. சர்க்கரையே இல்லை, கழனித் தண்ணி மாதிரி இருந்துச்சு. போதாக்குறைக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மகன் கதை, முட்டி வலி கதைன்னு தொணதொணப்பு. வருத்தம் இல்லாம இருக்குமா? நல்ல கஸ்டமர் ஆச்சே.

ஆனா தொழில்ல என்னை ஒருத்தனும் குறை சொல்ல முடியாது. மூணு வீட்லயும் வேலையைப் பாதியில விட்டுட்டு வரலை. அந்தம்மா தரையில கிடக்கும்போதே கேஸ் நிரப்பி, பிளக் போட்டு, ஐஸ் பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்தினேன். குடிச்ச கப்பைக்கூடக் கழுவிக் கவுத்தி வச்சேன். போலீஸ் வந்தப்பவும் ஃபிரிட்ஜ் ஜம்முன்னு ஓடிக்கிட்டிருந்துச்சாம். இதை எவனாவது கோர்ட்டுல சொன்னானா பாரு!

அப்பா குதிச்சது நீ சொன்னப்புறம் எனக்கும் ஞாபகம் வந்தது. ஆனா பெல்ட் கதைதான் எடுபடும்ங்கிறார் வக்கீல். சீக்கிரம் அனுப்பு. அப்படியே நல்ல சோப்பு ரெண்டு அனுப்பு.

உன் செல்லத் தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில நின்னு படிச்சேன். அங்கேயே தொட்டியில வாந்தி எடுத்துட்டேன். மாமா ஓடி வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டார். என்ன எழுதியிருக்கான்னு கேட்டார். கொடுக்கலை. அந்த மனுஷன் ராத்திரி சோறு திங்க வேண்டாமா?

நம்ம வீட்டு ஃபிரிட்ஜும் நீ ரிப்பேர் பண்ணினதுதான். அது பாட்டுக்கு உறுமிக்கிட்டே இருந்துச்சு. பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே இருந்த பால், காய் எல்லாத்தையும் குப்பையில கொட்டினேன். பெரியவன், "நல்லாத்தானேம்மா ஓடுது"ன்னான். பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு, சும்மா எடுத்துட்டுப் போப்பான்னு தள்ளிவிட்டேன்.

ஒரு பொம்பளை உனக்குக் காபி போட்டுக் கொடுத்தா. அதுல உனக்கு ஞாபகம் இருக்கிறது சர்க்கரை இல்லைங்கிறது. அருவருப்பா இருக்குடா. உன்னைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்ட என் கையைப் பார்த்தாக்கூட அருவருப்பா இருக்கு.

கையெழுத்து போடலை. காகிதத்தைக் கிழிச்சு வக்கீலுக்கே திருப்பி அனுப்பிட்டேன்.

சோப்பு அனுப்பியிருக்கேன். எல்லாம் முடிஞ்சதும் சொல்லி அனுப்புவாங்களாம். வந்து உன்னை வாங்கிக்குவேன், அனாதையா விட மாட்டேன். ஆனா அப்பா பக்கத்துல உனக்கு இடம் கிடையாது.

அவர் இருந்திருந்தா அந்தப் பொய்க்கும் தானே கையெழுத்து போட்டிருப்பார். நொண்டிக் காலோட இன்னொரு தடவை உன் பின்னாடி குதிச்சிருப்பார். நான் குதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவர் மகள்