மேஜை நடுவில் உங்கள் மணி

இன்று காலை பழைய சாமான் விற்கும் மூர் மார்க்கெட்டிலிருந்து வந்த கரீம் பாய், துணியில் சுற்றிய ஒரு பொருளை என் முன்னால் பிரித்து வைத்தார். "எழுந்து நில்லுங்கம்மா, நம்ம பழைய எசமான் வந்துகீறாரு" என்று சொல்லி அதை ஒரு தட்டுத் தட்டினார். உங்கள் பித்தளை மேஜை மணி. ஓசை கேட்டதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

நீங்கள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. இரங்கல் கூட்டத்துக்கு நான் வரவில்லை. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை கேட்டு உங்கள் மகன் ஆள் அனுப்பினான். அதையும் எழுதவில்லை. இதை எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் உங்கள் பல்பொடிக் கம்பெனியில் அந்த மணி ஒலித்தால், யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று தெரியாமலே எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு நிற்போம். ரசாயனத்தில் பட்டம் பெற்று உங்கள் சோதனைச்சாலையைக் கவனித்த நானும் நின்றேன். யாரும் ஒரு யோசனை சொன்னதில்லை. "யோசிக்கறதுக்கு ஒரு தலை போறும்மா. மத்தவாளுக்குத்தான் கை இருக்கே" என்பீர்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலியானபோது நீங்கள் கும்பகோணம் போனீர்கள். மணி ஊமையானது. யுத்தத்தால் பொடி அடைக்கும் தகர டப்பாவும் கிடைக்காமல், கம்பெனியை மூடும் நிலை. பாக்கிங் மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். பாக்கிங்கைப் பார்த்துக்கொண்ட கரீம் பாய், வளையல் அடுக்கி வரும் அட்டைக் குழாயைச் சொன்னார்.

"மழையில ஊறிப்பூடும் பாய், இன்னா பேசற நீ?" என்று பொடி அரைக்கும் முனியம்மா சிரித்தாள்.

"அப்போ நீயே ஒரு வழி சொல்லேன், மகாராணி."

அவள் மெழுகுத் தாளைச் சொன்னாள். ஈரம் புகுகிறதா என்று நான் சோதித்தேன், முதலில் தோற்றது. எல்லோருமாகப் பேசிப் பேசி மாற்றினோம். யாருடைய யோசனை எங்கே முடிந்து யாருடையது தொடங்கியது என்று இன்றும் என்னால் பிரிக்க முடியாது. கம்பெனி பிழைத்தது.

ஊர் அமைதியானதும் திரும்பி வந்தீர்கள். "யாரைக் கேட்டுண்டு மேஜையை மாத்தினேள்?" அதுதான் உங்கள் முதல் வார்த்தை. பிறகு தியாகராய நகரில் நடந்த வியாபாரிகள் கூட்டத்தில் அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்து, காவிரிக் கரையில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு உதித்த யோசனை என்றீர்கள். தலைமை என்றால் இதுதான் என்று கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

மறுநாள் கரீம் பாய் கேட்டது ஒன்றுதான்: "நாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, மொதலாளி?"

நீங்கள் மணியைத் தட்டினீர்கள். வந்த பியூனிடம், "இவரை வாசல்ல விட்டுட்டு வா" என்றீர்கள்.

அந்த வாரமே நானும் முனியம்மாவும் அவரோடு போனோம். சிந்தாதிரிப்பேட்டையில் நாங்கள் பிடித்த சின்னக் கூடத்துக்கு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உங்களிடம் மிஞ்சியவர்கள் வாய் திறக்கப் பயந்தவர்கள். கிராம்பு பூஞ்சை பிடித்ததைப் பார்த்தும் ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லையாம். கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செத்தவரிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

மணியை உருக்கிவிடலாம் என்றார் பாய். நான் விடவில்லை. எங்கள் நீள மேஜையின் நடுவில் வைத்து, நான் பேச்சை நீட்டினால் யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்றேன். சாயங்காலம் புதுப் பொடியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். முனியம்மா உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"போதும்மா. படிச்சவங்க பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும். நான் சொல்றதையும் கேளு."

கூடமே சிரித்தது. என் முழங்கால் மறுபடி எழப் பார்த்தது. உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவள் சொன்னதைக் கேட்டேன்.

இந்த முழங்கால் நீங்கள் எனக்கு விட்டுப்போன சொத்து. சாகும்வரை எழும் போலிருக்கிறது. எழட்டும். ஒவ்வொரு முறையும் நான் திரும்ப உட்காருவேன். உட்காரும் அந்தக் கணத்தில், ஒவ்வொரு முறையும், உங்களை வேலையை விட்டு நீக்குவேன்.