கறுப்பு அங்கி

18 ஆகஸ்ட் 1996, ஞாயிறு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. காமிக்ஸிலிருந்து எடுத்த முகமூடி வீரன் படத்தைக் காந்திபுரத்தில் பார்த்துவிட்டு, பிரபு, செல்வன், நான் மூவரும் பேக்கரியில் டீ குடித்தோம். கதையில் அவன் யாரையும் கொல்ல மாட்டான், படத்தில் கொல்கிறான், ஆளையே மாற்றிவிட்டார்கள் என்றேன். வெளிநாட்டிலிருந்து இங்கிலீஷ் புத்தகங்களை வரவழைத்துப் படிக்கும் பிரபு குறுக்கே வந்தான்.

"சரிங்க சார், புத்தகத்துல அவனோட அங்கி என்ன கலருங்க?"

"கறுப்பு."

"செவப்புங்க! சாணித்தாள்ல வர்ற தமிழ் காமிக்ஸைக் கறுப்பு வெள்ளையில படிச்சுப்போட்டு விமர்சனம் பண்ண வந்துட்டாரு."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வனும் சேர்ந்து சிரித்தான். பத்து வருஷமாக என்னிடம் அதே தமிழ்ப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படிப்பவன்!

துடியலூர் பஸ்ஸில் செல்வன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நானும் கறுப்புன்னுதான்டா நெனச்சிருந்தேன்" என்றான்.

"அத அங்க சொல்றதுக்கென்னடா?"

"பிரபு அவங்க மாமா கம்பெனியில எனக்கு வேலைக்குச் சொல்லியிருக்கான்டா."

இறங்கும்போது "வாரேன்டா" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிரபுவை நாளைக்கே மறந்துவிடுவேன். செல்வனை என்ன செய்வது?