ஒன்பது எழுத்தும் பச்சை மையும்

மார்ச் 4, செவ்வாய்

ஐம்பதை நெருங்குகிறவள், இரண்டு பட்டம் வாங்கியவள், செய்தித்தாளின் மூலையில் இருக்கும் எழுத்துச் சக்கரத்துக்காகப் பொறாமைப்பட முடியுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, சுற்றி எட்டு. நாலெழுத்துக்குக் குறையாத வார்த்தைகளைத் தேட வேண்டும். ஒவ்வொன்றிலும் நடு எழுத்து வந்தாக வேண்டும். ஒன்பதையும் விழுங்கிய ஒரு வார்த்தை எங்கோ ஒளிந்திருக்கும். விடை மறுநாள் பேப்பரில்.

பதினேழு வருடமாக எங்கள் ஏற்பாடு இது: காலையில் என் வீட்டுக்காரர் பேப்பரை பஸ்ஸில் படிக்க எடுத்துப்போவார், சக்கரத்தை மட்டும் தொட மாட்டார். மாலை டீயோடு இருவரும் உட்காருவோம். இடது ஓரம் அவருக்கு, வலது ஓரம் எனக்கு. பென்சில் மட்டும். மோட்டார் ரிப்பேர், அவர் தம்பியின் விவாகரத்து, என் மார்புக் கட்டியின் பரிசோதனை முடிவு – எல்லாம் அந்த அரை மணியில் பேசியதுதான். எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே. முகத்தைப் பார்த்துப் பேச எங்கள் இருவருக்குமே வராது.

இன்று பேப்பர் நிரம்பி வந்தது. பச்சை மையில்.

"மாடிவீட்டு டீச்சர் நம்ம பஸ்லதான் இப்ப வர்றாங்க. சும்மா எட்டிப் பாத்தாங்க. கடகடன்னு போட்டுட்டாங்க."

டீ ஆறிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

மறுபடி பச்சை.

மார்ச் 10, திங்கள்

மாடிப்படியில் டீச்சர். கெமிஸ்ட்ரி எடுக்கிறாள்; நாற்பது இருக்கும். முதலில் சிரிப்பு வரும், பின்னால் ஆள் வரும்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆளில்ல! எட்டாவது ஸ்டாப்புக்குள்ள ஒன்பதெழுத்தையும் புடிச்சுட்டாரு. அவர் போட்ட சத்தத்துல பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு!"

"சத்தமா? இவரா?"

"ஆமாக்கா, ஜாலியான மனுஷன்!"

யாரைச் சொல்கிறாள்? என்னோடு உட்கார்ந்து ஒன்பதெழுத்து கிடைத்தால் "ம்" என்பார். நல்ல மனநிலையில் இருந்தால் இரண்டு "ம்".

தவறாக ஒன்றும் நடக்கவில்லை, எனக்குத் தெரியும். நடந்திருந்தால் சண்டையாவது போடலாம். "அவகூட வார்த்தை தேடுனீங்களே, வெக்கமா இல்ல?" என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? கேட்டால் ஊர் சிரிக்காதா? நானே சிரிப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது என் தொழில். பிறர் விட்ட பிழைகளைத் திருத்தியே இருபது வருடம் ஓடிவிட்டது. இன்று நானாக ஒரு பிழை போட்டேன்.

ஆறு மணிக்குப் பேப்பர் விழுந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஒன்பதெழுத்து எனக்கு உடனே பிடிபட்டது: ஃபர்னிச்சர். மெல்லிய கறுப்புப் பேனாவை எடுத்து, எஃப்பின் காலடியில் ஒரே ஒரு கோடு இழுத்தேன். எஃப் போய் இ ஆகிவிட்டது. கோடு பிசிறில்லாமல் விழுந்தது. அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

மாலையில் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "இன்னைக்குப் பேய் புடிச்ச சக்கரம்மா. முட்டி முட்டிப் பாத்தோம், அசையவே இல்ல. டீச்சரம்மா பேனாவையே மூடிட்டாங்க. நீ கொஞ்சம் பாரேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சில் வந்தது. இல்லாத வார்த்தையை நானும் தேடினேன், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. மேஜை, நாற்காலி, அலமாரி – விடை எங்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அவர் "ரீயுனைட்" என்று எழுதினார். ஏழெழுத்து என்று பெருமை வேறு. அதில் ஓர் இ நான் போட்டது.

பாதியில், தலையை நிமிர்த்தாமல், "வலது காதுல மூணு வாரமா ஒரே இரைச்சல்" என்றார்.

"டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்ககிட்ட எதுக்கு?"

முக்கால் மணி நேரம். இவ்வளவு சந்தோஷமாக இருந்து மாதக்கணக்காகிறது. திருடித் தின்றாலும் இனிக்கத்தான் செய்கிறது.

ஆனால் நாளை விடை வரும். பேப்பர்மேல் பால் கொட்டிவிட்டது என்று சொல்லலாமா? பேப்பரே வரவில்லை என்று? சீ. இந்த வயசுல எனக்கு ஏன் இப்படிப் புத்தி போகுது?

மார்ச் 12, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

பால் கொட்டவில்லை. பேப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். விடையைப் பார்த்தார். நேற்றைய தாளைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பிறகு என் பேனாக்கள் இருக்கும் டம்ளரைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

"ம்" என்றார். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அச்சகத்தில் ஒரே பக்கத்தை நாலு தரம் படித்தேன்.

மாலை வந்தார். பேப்பரை என் முன்னால் விரித்தார். ஓரங்கள் இரண்டும் காலி. பச்சையில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் சக்கரத்தின் நடுவில் அச்சாகியிருந்த ஓ-வுக்குப் பச்சை மையில் ஒரு குட்டி வால். கியூ. இனி ஒவ்வொரு வார்த்தையிலும் கியூ வர வேண்டும்.

"ஒண்ணும் சிக்காது போலிருக்கே" என்றார் பென்சிலைச் சீவிக்கொண்டே. "ரொம்ப நேரம் ஆகும்."

அப்படியானால் அவளிடம் சொல்லியிருக்கிறார். பஸ் மறுபடி திரும்பிப் பார்த்திருக்கும். அல்லது காரணம் சொல்லாமல் பேனாவை மட்டும் இரவல் வாங்கினாரா? கேட்கவில்லை. கோபம் வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது.

வலது ஓரம் என் பக்கம் வரும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். காது டாக்டரிடம் சனிக்கிழமை போவதென்று முடிவானது. நானும் கூடப் போகிறேன். ஆறு மணிக்குத் தேட ஆரம்பித்தோம். ஏழேகாலுக்கு டீ டம்ளரைக் கழுவ எழுந்தபோது ஒரு வார்த்தையும் கிடைத்திருக்கவில்லை.