றோசம்மா பீற்சா

ஊர்காவற்றுறை

அன்பு மகன் ரஜீபனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகள் கிறிஸ்ரினாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறேன், ஆனால் இந்த முறை செபித்தும் கோபம் அடங்கவில்லை. போனில் ஏசினால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான், பாரிசுக்கு வரும் ஜெனீற்றாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ வீட்டில் பீற்சா சுட்டு வீடியோ போட்டாயே, அதைப் பற்றித்தான். மாவைத் தட்டி, கணவாய்மீன் பிரட்டலைப் பரப்பி, சம்பலும் முட்டையும் போட்டு, அதற்கு மேலே சீஸையும் கொட்டினாய். ரியூசன் முடிந்து வருகிற வழியில் துறையடியில் றோசம்மாவின் கடையில் நீங்கள் பெடியள் அடிபட்டுத் தின்ற கணவாய் றொட்டியின் ருசி இதுதான் என்றாய். அதோடு நின்றிருக்கலாம். பாவம், றோசம்மா அன்ரி இப்ப உயிரோடை இல்லை என்று சொல்லி, அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தி, றோசம்மா பீற்சா என்று பேரும் வைத்தாய். யாரடா உனக்குச் சொன்னது அவள் செத்துப்போனாள் என்று? முழங்கால் வருத்தத்துக்கு மருந்து செய்ய மன்னாரில் மகள் வீட்டில் போய் நின்றாள், கடை பூட்டிக் கிடந்தது. பூட்டின கடையின் படத்தை யாரோ அனுப்ப, நீ ஆளையே புதைத்துவிட்டாய்.

அவள் திரும்பி வந்த கிழமைதான் உன் வீடியோவும் வந்தது. இத்தாலியில் இருக்கும் அவளுடைய மகன் ஜெகதீஸ் வேலையிடத்தில் வைத்து அதைப் பார்த்திருக்கிறான். தாய்க்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை, அது தண்ணீருக்குள் விழுந்து பழுதாகிக் கிடந்தது, மன்னாரில் இருக்கிற சகோதரியும் போனை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தியிருந்து குழறி அழுதானாம். பிறகு அனலைதீவில் இருக்கும் மாமன் பஸ்ரியாம்பிள்ளைக்குச் சொல்ல, அவர் குடும்பத்தோடு வள்ளத்தில் வந்து இறங்கி, வழி முழுக்க அழுதுகொண்டு தங்கச்சி வீட்டுப் படலைக்கு வந்தார். படலையைத் திறந்தது றோசம்மாதான், கையெல்லாம் மீன் செதில். மனுசனுக்குத் தலை சுற்றிவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டு ஓடிப்போன நான்தான் கதிரை கொண்டுவந்து இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு அவள் என் போனில் வீடியோவைப் பார்த்தாள். செத்ததெண்டு சொன்னது போகட்டும், கணவாயை இவ்வளவு நேரம் வேக வைச்சிருக்கிறானே, செருப்புத் தோல் மாதிரியெல்லோ இருந்திருக்கும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆட்கள் போன பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்தால், சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு மெழுகுதிரி கொளுத்தேக்கை, இவள் உண்மையாச் செத்தவளோ எண்டு ஆரிட்டையும் ஒரு வார்த்தை கேக்க வேணுமெண்டு அவனுக்குத் தோன்றேல்லையே, அவன் வருவான், பசியோடை வருவான் எண்டு எத்தினை நாள் அடுப்பை அணைக்காமல் வைச்சிருந்தனான் என்று கேட்டாள். அவளுடைய கையைப் பிடித்து நான்தான் மன்னிப்புக் கேட்டேன். நான் பெற்ற பிள்ளையல்லவா நீ.

பெடியன் பாசத்திலைதானே செய்தவன், விடும் என்கிறார் அப்பா. நான் விடமாட்டேன். பாசமென்றால் எனக்கொரு போன் எடுத்து, றோசம்மா அன்ரி எப்படி இருக்கிறா என்று கேட்டிருப்பாய். சித்திரைக்குப் பிறகு நீ எனக்கு எடுக்கவேயில்லை. உன் வீட்டில் என்ன சமையல் என்பதையே நான் ஊர்ச் சனத்தோடு சேர்ந்து வீடியோவில்தான் பார்க்கிறேன். இப்போது அதை அழித்துவிட்டாயாம். அழித்தால் சரியா? றோசம்மாவுக்கு நீயே எடுத்து மன்னிப்புக் கேள், ஜெகதீசிடமும் கேள். அவள் கடையைத் திறந்துவிட்டாள். இளசுகள் வந்து, செத்துப்போன றோசம்மாவின் றொட்டி தாங்கோ என்று பகிடி விடுகிறார்கள், அவளும் சிரித்துக்கொண்டு கொடுக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குளிருக்குள் தலையை மூடாமல் வெளியே போகாதே. கிறிஸ்ரினாவைத் தனியப் பாரம் தூக்க விடாதே. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. எவ்வளவு ஏசினாலும் ஆண்டவர் உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்திருக்க வேண்டுமென்றுதான் கேட்கிறேன். றோசம்மாவோடு கதைத்து முடித்த கையோடு எனக்கும் எடு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அம்மா,
செபஸ்தியம்மா