மாமா இல்லாத பேனர்

வியாழன். சிங்கப்பெருமாள் கோயில். காலையிலேயே புழுக்கம்.

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எனக்கு மீசை முளைத்துவிட்டது. இடது பக்கம் மட்டும். வலது பக்கம் விரைவில்.

இதர செய்தி: அக்கா கல்யாண பேனர் தெருமுனையில் ஏறியாச்சு. மாப்பிள்ளையோட ஜிம் கூட்டாளிங்க ஜம்முனு, கூலிங் கிளாஸோட. எங்க தாய்மாமன் போட்டோ மட்டும் இல்லை. அப்பா கொடுக்க மறந்துட்டாராம்.

வெள்ளி. நல்ல வெயில்.

எவனோ பேனரைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பிட்டான். முட்டுக்காட்டிலிருந்து போன். ஸ்பீக்கரில்.

"யக்கா, ஊர்ல கீறவன்லாம் பேனர்ல கீறான். நான் இன்னா செத்தா பூட்டேன்? சீரும் வராது, நானும் வரல."

அப்பா: "ஒரு பேனருக்கு இவ்ளோ சீனா? வராட்டி போவட்டும்."

அம்மா அடுப்பை அணைச்சுட்டாள். மதியம் பிஸ்கட். மாமா வராமல் கல்யாணமே வேணாம் என்று அக்கா கதவைச் சாத்திக்கிட்டாள். கிண்டல் பண்ணத்தான் போனேன். உள்ளே அழுகை. திரும்பிட்டேன்.

சனி. மேகம்.

யாருக்கும் சொல்லாமல் முட்டுக்காட்டுக்கு, மாமா வீட்டுக்குத் தூது. பஸ்ஸில் பேச்சு ஒத்திகை. பக்கத்து சீட்டுப் பெரியவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போயிட்டார்.

சாயங்காலம். தூறல். வெற்றி.

பேனர் பிரச்சினையே இல்லை. மாமா சொன்னது: "பேனர வுடுடா. தாய்மாமன் வூட்டுக்கு வெத்தல பாக்கு வச்சி அழைக்க வருவாங்களா, வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்புவாங்களா?" அப்பா ஃபார்வர்டு பண்ணியிருக்கார். மாமா ரிவர்ஸ் எடுத்துட்டார்.

முடிவு: பேனர் அப்படியே இருக்கலாம். அப்பா, அம்மா நேரில் தட்டோட போகணும். மாமா சீரோட வருவார்.

அப்பாவிடம் சொன்னேன். எழுந்து ஃபேனைக் கூட்டி வச்சார். "அவன் கேக்கறதும் நாயந்தான்."

ஞாயிறு. காத்து ஜில்லுனு.

போய் வந்தாச்சு. தட்டை அப்பாவே தூக்கிக்கினு போனார்.

அப்பாவிடம் மாமா: "இன்னா மாமா, வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா?"

அப்பா: "என் தப்புதான் மச்சான்."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் வறுத்த மீனில் இறங்கிட்டாங்க. அக்கா போனில் மாமாகிட்ட புடவை கலர் பேசுறாள். இரவு அம்மா சாம்பாரில் உப்பு தூக்கல். அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

மாமாகிட்ட மணிக்கணக்கா வாதாடினேன் என்று தெரு பூரா சொல்லி, 'வக்கீல்' பட்டமும் வாங்கியாச்சு. நடந்தது வேற. மாமா கதவைத் திறந்து, "இன்னாடா, துன்னியா?" என்றார். உடனே ஓன்னு அழுதுட்டேன். பேசினது பூரா அவர்தான். என் பங்கு, அத்தை கொடுத்த துண்டில் மூக்கு சிந்தினது.